பின்கதவுச் சீழ்க்கை

சுவாமே மேகசினில் யாவ் அகியாரே என்று கேட்டுத் தேடினால் வழி சொல்ல ஆள் கிடைக்காது. "காது மாஸ்டர் கடை எங்கே?" என்று கேட்டால், லாரிக்கு அடியில் படுத்திருப்பவன்கூடக் காலை நீட்டித் திசை காட்டுவான். குமாசி நகரத்தின் வடக்கு ஓரத்தில் ஆயிரக்கணக்கான பட்டறைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் பேட்டை அது. அங்கே ஒருவர் இன்ஜினைப் பிரிப்பார், ஒருவர் பெயின்ட் அடிப்பார், ஒருவர் மூன்று செத்த வண்டிகளிலிருந்து உயிருள்ள ஒன்றை எடுப்பார். அகியாரேயின் தொழில் வண்டிக்குள் வரும் சத்தத்தை அடக்குவது.

பழைய வண்டிகளுக்கு அது பெரிய நோய். ஐரோப்பாவில் ஓடி ஓய்ந்து கப்பலில் வந்தவை. தரை விரிப்பு நைந்து, கதவு ரப்பர் காய்ந்து, இன்ஜினுக்கும் ஓட்டுநர் காலுக்கும் நடுவில் இருக்கும் தகடு அம்மணமாகக் கிடக்கும். சாலையின் ஒவ்வொரு கல்லும் உள்ளே இருப்பவர் பல்லில் தட்டும். அகியாரே சீட்டுகளைக் கழற்றி வெளியே போடுவார். தரைத் தகட்டை விரல் முட்டியால் தட்டித் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். 'டங்' என்று அதிர்ந்த இடத்திலெல்லாம் தார் ஷீட்டைச் சூடாக்கி உருளையால் தேய்த்து ஒட்டுவார். அதன்மேல் கம்பளி விரிப்பு. கதவுகளுக்குப் புது ரப்பர். வேலை முடிந்ததும் வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போவார். திரும்பி வந்து சாவியைக் கொடுக்கும்போது உள்ளே எவ்வளவு அமைதி என்று காட்ட ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார். "கோயில்."

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பன்னிரண்டு வருஷம் அவர் டிங்கர் வேலை பார்த்தார். காலையிலிருந்து பொழுது சாயும்வரை இரும்பை இரும்பால் அடிப்பது. காதில் பஞ்சு வைத்துக்கொள்பவர்களைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தச் சிரிப்புக்கு என்ன விலை என்று ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்தது.

கடையில் அவருக்குச் சமமாக நின்றவள் செர்வா. விரிப்பு வெட்டுவது, தைப்பது, ரப்பர் ஒட்டுவது எல்லாம் அவள் கை. பதினான்கு வருஷமாக ஒரே கூரையின் கீழ் வேலை. அவரைவிட நான்கு வயது இளையவள், ஆனால் பேச்சில் பத்து வயது மூத்தவள். "மாஸ்டர், உங்க தார் ஷீட் நேராவா இருக்கு? ஆடு மென்னு துப்பின மாதிரி இருக்கே" என்று வாடிக்கையாளர் எதிரிலேயே சொல்வாள். அவர் முறைப்பார். பிறகு பிரித்து ஒட்டுவார்.

அந்த வருஷம் மழை தொடங்கும் சமயத்தில் மாம்பொங்கிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். மேடம் சார்ஃபோ. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். நெட்டையாக, நிமிர்ந்து நடப்பவர். சிறிய நீல வண்டி, ஓட்டுவதும் அவரே. பின்சீட்டில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டு, இடது கை மடியில் ஒரு பொட்டலம்போலக் கிடந்தது.

"மாஸ்டர், இவருக்கு பக்கவாதம் வந்து ஒன்பது மாசம் ஆச்சு" என்றார் மேடம் சார்ஃபோ. "வாரம் ரெண்டு நாள் கைகால் பயிற்சிக்கு குமாசி கூட்டிட்டு வர்றேன். குரல் ரொம்ப உள்ளே போயிடுச்சு. வீட்ல எப்பவும் ஆளுங்க, பேரப்பசங்க, டி.வி. கார்ல மட்டும்தான் நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கோம். அப்பத்தான் அவருக்குப் பேசணும்னு தோணுது. ஆனா ரோட்டுச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் விழல. என்ன, என்னன்னு நாலு தடவை கேட்டா, விடுன்னு கையைக் காட்டிடறார்."

அகியாரே நெஞ்சைத் தட்டிக்கொண்டார். "மேடம், ஐயா மூச்சு விடறதுகூட உங்களுக்குக் கேக்கும். மூணு நாள் குடுங்க."

மூன்று நாளில் முடித்தார். செர்வா கடைசி நாள் இல்லை. அவள் தங்கை குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. ரப்பரை அவரே ஒட்டினார், அவரே ஓட்டிப் பார்த்தார், அவரே 'கோயில்' என்றார்.

பத்து நாளில் நீல வண்டி திரும்பி வந்தது.

"தரைச் சத்தம் நல்லாக் குறைஞ்சிருக்கு மாஸ்டர், இல்லேங்கல" என்றார் மேடம் சார்ஃபோ. "ஆனா அறுபது தாண்டினா பின்கதவுல ஒரு விசில் வருது. முன்னாடி ரோட்டுச் சத்தத்துல அது தெரியல. இப்ப அது ஒண்ணுதான் கேக்குது. அவர் குரல் சரியா அதுக்குள்ள மாட்டிக்குது."

"விசிலா? என் வேலையிலயா?"

அவரே சாவியை வாங்கி ஓட்டினார். முன்சீட்டில் மேடம், பின்சீட்டில் ஐயா, ஐயாவுக்குப் பக்கத்தில் செர்வா. ஒஃபின்சோ சாலையில் எண்பதுவரை போனார். தலையைச் சாய்த்தார். சக்கரத்தின் உறுமல் எங்கோ தூரத்தில் தாழ்வாகக் கேட்டது. வேறெதுவும் இல்லை.

"எங்கே விசில்?"

"இதோ, இப்பக்கூட" என்றார் மேடம்.

செர்வா பின்னாலிருந்து சொன்னாள்: "இடது பின்கதவு மாஸ்டர். மேல் மூலை."

கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் கேலி இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பட்டறைக்குள் வண்டியை நிறுத்தி இறங்கியபோது பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். காது மாஸ்டர் வேலை திரும்பி வந்திருக்கிறது என்றால் அது வேடிக்கைதான். கூட்டம் சேரச் சேர அவர் குரல் ஏறியது.

"மேடம், இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்குக் கேக்காத விசில் உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது மாஸ்டர். நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகணும்?"

"நான் சத்தத்தை எடுக்கறவன். இல்லாத பேச்சை உண்டாக்கறவன் இல்ல. உங்க வீட்டுக்காரர் பேசினாத்தானே கேக்கும்? மரக்கட்டை மாதிரி உக்காந்திருக்கற ஆளு வாயைத் தொறக்கலேன்னா அதுக்கு என் தார் ஷீட் என்ன பண்ணும்?"

சிரிப்பு வெடித்தது. பெயின்ட் கடைக்காரன் பானெட்டில் ஓங்கித் தட்டினான். அந்தச் சிரிப்பு அகியாரேக்கு இதமாக இருந்தது. அதை அவர் பிறகு யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

வண்டி நின்றதும் காற்றுக்காகப் பின்கதவின் கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார்கள். உள்ளே ஐயா உட்கார்ந்திருந்தார். நல்ல கையைக் கொஞ்சம் தூக்கினார், ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி. பிறகு மடியிலேயே வைத்துக்கொண்டார். மேடம் சார்ஃபோ வண்டியைச் சுற்றிப் போய், கைப்பிடியைச் சுழற்றி அந்தக் கண்ணாடியை மேலே ஏற்றினார். ஏறி உட்கார்ந்து, கூட்டத்தில் யார் காலிலும் ஏற்றாமல் பார்த்துப் பின்னால் எடுத்து, போய்விட்டார்.

செர்வா வளைந்த ஊசிகளையும் கத்திரிக்கோலையும் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷன் உள்ளேதான் இருந்தாரு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னீங்க?"

"விசில் விசில்னு நீதானே அந்தம்மாவுக்கு எடுத்துக் குடுத்தே. போ. போய் அவங்களுக்கே தைச்சுப் போடு."

அவள் போனாள். மறுநாள் வருவாள் என்று நினைத்தார். வரவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று வண்டிகள் திரும்பி வந்தன. ஒருவரிடம் சாலை சரியில்லை என்றார். ஒருவரிடம் டயர் மட்டம் என்றார். மூன்றாமவரிடம் செர்வா போன பிறகு வந்த ரப்பர் எல்லாம் போலி என்றார். வீட்டிலும் சண்டை. மனைவியும் பிள்ளைகளும் வாய்க்குள்ளேயே மென்று மென்று பேசுகிறார்கள் என்று கத்தினார். "நாங்க பேசறது அடுத்த வீட்டுக்கே கேக்குது" என்றாள் மனைவி.

பக்கத்துப் பஞ்சர் கடை முமுனியுடையது. தமாலே ஊர்க்காரர், நிதானமானவர். ஒரு நாள் மத்தியானம், லாரி டயர் ஒன்றில் காற்று நிரப்பிவிட்டுக் கூப்பிட்டார். "மாஸ்டர், சோப்புத் தண்ணி கொண்டு வர்றேன். அதுக்குள்ள எங்க ஒழுகுதுன்னு கொஞ்சம் கேட்டு வைங்க. உங்க காதுக்கு இது ஒரு வேலையா?"

அகியாரே டயரை மெல்ல உருட்டிக்கொண்டே காதை வைத்துக் கேட்டார். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

"ஒழுகல முமுனி. நல்லா இருக்கு."

முமுனி வாளியோடு வந்து நின்றார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "விளையாடாதீங்க மாஸ்டர். உங்க மூஞ்சிலதானே சீறுது."

அப்போதுதான் அகியாரே கவனித்தார். கன்னத்தில் ஓர் இடத்தில் மட்டும் குளிர்ந்த காற்று பட்டுக்கொண்டிருந்தது. முமுனி சோப்புத் தண்ணீரை ஊற்றினார். காதுக்கு ஒரு சாண் தூரத்தில் நுரை கொப்பளித்துப் பொங்கியது. சத்தம் இல்லாமல் பொங்கியது. அகியாரே விரலால் மூடினார், எடுத்தார், மூடினார். காற்று விரலைத் தள்ளியது. காதுக்கு எதுவும் வரவில்லை.

"தலையில சளி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பட்டறைக்குப் பின்னால் குவித்திருந்த பழைய சீட்டுகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தார். காது போனதைப் பற்றி அவர் அதிகம் நினைக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் சுத்தியல் பிடித்தவனுக்கு அது வரக்கூடியதுதான். அவர் நினைத்தது அந்தக் கண்ணாடியை. ஒரு பெண் தன் கணவன் காதில் விழாமல் இருக்கட்டும் என்று, விழுந்த பிறகு, கையால் சுழற்றி ஏற்றிய கண்ணாடி. விசில் இருந்திருக்கிறது. ஐயா பேசியிருக்கிறார். அந்த அம்மாள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. உடம்பெல்லாம் சூடாகி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அன்றே போயிருக்கலாம். போகவில்லை. ஐந்து வாரம் ஒளித்து வைத்தார். வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துத் தலையாட்டக் கற்றுக்கொண்டார். புருவம் சுருங்கினால் "சரி பண்ணிடலாம்" என்பார், புருவம் விரிந்தால் "கோயில்" என்பார். ஒரு டாக்ஸிக்காரன் ஓட்டிக்கொண்டே, "இப்ப கேக்குதா மாஸ்டர்?" என்றான். "இப்ப இல்ல" என்றார். அவன் நிம்மதியாகி, "உங்க காது கடவுள் குடுத்தது" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். அந்தக் கையை அவர் வெகுநேரம் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று மாலையே செர்வாவைத் தேடிப் போனார்.

பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் மினிபஸ்களுக்கு சீட் உறை தைக்கும் கடையில் அவள் இருந்தாள். பார்த்தும் மிஷினை நிறுத்தவில்லை. தையல் வரிசை முடிந்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள். குரலை உயர்த்தி, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"காது எப்பத் தெரிஞ்சுது?"

அவர் மிஷின் பக்கம் ஓர் அடி வைத்தார். பிறகு கேட்டார்: "உனக்கு?"

"மூணு வருஷமா."

"சொல்லலையே."

"சொல்லலையா? முன் கண்ணாடின்னு சொன்னேன். பின்கதவுன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் நீங்க சாப்பிடப் போனதும் நானே ரப்பரைப் பிரிச்சு மாத்திடுவேன். உறுமல் உங்களுக்குக் கேக்கும், அதுல குறை சொல்ல முடியாது. மெல்லிசா வர்ற சத்தம்தான் கேக்காது."

"எத்தனை வண்டிக்கு மாத்தினே?"

"அதை எதுக்குக் கேக்கறீங்க? மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

மூன்று வருஷமாக ஊர் புகழ்ந்த காது அவளுடையது. அவர் நின்ற இடத்திலேயே தரையைப் பார்த்தார். அவள் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினாள். உட்கார்ந்தார்.

"மாம்பொங் போகணும். நீ வர்றியா?"

"ரப்பர் மாத்தவா, மன்னிப்பு கேக்கவா?"

"ரெண்டுக்கும்."

"ரப்பருக்கு வர்றேன். மத்தது உங்க வேலை."

சனிக்கிழமை காலையில் போனார்கள். வாசலில் அவர்களைப் பார்த்ததும் மேடம் சார்ஃபோவின் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே அழைத்து, நாற்காலி போட்டு, முதலில் தண்ணீர் கொடுத்தார். வந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்காமல் எந்த வீட்டிலும் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். அகியாரே டம்ளரை வைத்ததும் வழக்கப்படி கேட்டார் மேடம்: "இங்க எல்லாரும் சுகம். வந்த காரியம் நீங்கதான் சொல்லணும்."

"மேடம், அன்னைக்கு நான் பேசினது தப்பு. விசில் இருந்துச்சு."

"அதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நீங்க பேசினது என்னையா? அவர் உள்ளே இருக்காரு."

ஐயா ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் இருந்தார். அன்றும் கழுத்துவரை பொத்தான். சுவரில் கறுப்பு அங்கி போட்ட நீதிபதிகள் நடுவே அவர் நிற்கும் போட்டோ. முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்பது அப்போதுதான் அகியாரேக்குத் தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் பேச்சை நீதிபதிக்கும், நீதிபதி பேச்சை அவனுக்கும் மாற்றிச் சொன்ன குரல் அது. வாழ்நாள் முழுக்கப் பேசிப் பிழைத்தவரை அவர் மரக்கட்டை என்றிருக்கிறார்.

"ஐயா, அன்னைக்கு ஏதோ கோபத்துல வாய் தவறி வந்துடுச்சு. மன்னிக்கணும்."

ஐயாவின் உதடுகள் அசைந்தன. அகியாரே குனிந்தார். "ஐயா?" மறுபடி அசைந்தன. வலது ஓரத்தில் மட்டும் அசையும் வாய். முகத்தைப் பார்த்து ஊகிக்க முடியவில்லை, பாதி முகம் எதையும் காட்டவில்லை. தலையாட்டிவிடலாம் என்று தோன்றியது. ஐந்து வாரமாக அதுதானே செய்துகொண்டிருந்தார். கழுத்து ஆடத் தொடங்கியும்விட்டது. நிறுத்திக்கொண்டார்.

"ஐயா, எனக்குக் கேக்கல. உங்க குரல்ல குறை இல்ல. என் காது. என் காது போயிடுச்சு."

வாய்விட்டு அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அறை அமைதியாக இருந்தது, அல்லது அவருக்கு அப்படி இருந்தது. கதவருகே நின்ற மேடம் சார்ஃபோ அருகில் வந்து சத்தமாகச் சொன்னார்.

"வாய் தவறி என்ன வந்துச்சுன்னு கேக்கறாரு. அதை நீங்க சொல்லலையாம். அன்னைக்குச் சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம சொல்லணுமாம்."

அகியாரே ஐயாவைப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. சாட்சியை நிறுத்தி வைத்துக் காத்திருக்கும் பொறுமை இருந்தது.

சொன்னார். உங்க வீட்டுக்காரர் பேசினாத்தானே கேக்கும் என்பதைச் சொன்னார். மரக்கட்டை என்பது வந்ததும் அந்த வார்த்தையை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினார். ஐயாவின் நல்ல கை உயர்ந்தது. திரும்ப முதலிலிருந்து சொன்னார், மரக்கட்டையையும் சேர்த்து, தார் ஷீட்வரை. பட்டறையில் சிரிப்பை வெடிக்க வைத்த பேச்சு அந்த அறையில் தனியாகக் கிடந்து நாறியது. அதைக் கேட்டுக்கொண்டு அந்த மனிதரின் மனைவி பக்கத்தில் நின்றார்.

ஐயா கையை இறக்கினார். ஏதோ சொன்னார்.

"அதே வார்த்தைதானாம்" என்றார் மேடம். ஐயா இன்னும் ஏதோ சொன்னார். மேடம் ஒரு கணம் தயங்கினார். "சாப்பிட்டு வந்தீங்களான்னு கேக்கறாரு."

அகியாரேக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

புளித்த மக்காச்சோள மாவு உருண்டையான கென்கேயும் பொரித்த மீனும் வந்தன. அவர் சாப்பிட்டார், சாப்பிடாமல் எழுந்தால் அது இன்னொரு அவமரியாதை. வெளியே செர்வா இடது பின்கதவின் ரப்பரை உரித்துப் புதியதை ஒட்டி முடித்திருந்தாள். மேல் மூலையில் அரை விரல்கடை ரப்பர் மடிந்து ஒட்டியிருந்ததாம். பத்து நிமிஷ வேலை.

மேடம் ஓட்ட, ஐயா முன்சீட்டில் உட்கார, அகியாரேயும் செர்வாவும் பின்னால் ஏறினார்கள். ஊரைத் தாண்டியதும் வண்டி வேகமெடுத்தது. அகியாரேக்கு எல்லாம் முன்புபோலவேதான் இருந்தது. செர்வாவைப் பார்த்தார். அவள் உள்ளங்கையைக் கீழ்நோக்கிக் காட்டி, போய்விட்டது என்றாள். முன்னால் ஐயாவின் தாடை அசைவது பின்பக்கத்திலிருந்து தெரிந்தது. மேடம் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். ஐயா மறுபடி ஏதோ சொன்னார். மேடத்தின் தோள்கள் குலுங்கின, சிரிக்கிறார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று அகியாரே கேட்கவில்லை. கேட்க அவருக்கு உரிமையில்லை என்று நினைத்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செர்வா இரண்டு வாரம் கழித்து வந்தாள். நிபந்தனை ஒன்றுதான்: ஓட்டிப் பார்ப்பது அவள், அவள் சொன்ன பிறகே சாவி கைமாறும். ஆஸ்பத்திரியில் அவர் காதுக்குக் கருவி ஒன்று மாட்டினார்கள். அதைப் போட்டுக்கொண்டு பேட்டைக்குள் நுழைந்த முதல் நாள் பெயின்ட் கடைக்காரன் கத்தினான்: "டேய், காது மாஸ்டருக்கே காது வாங்கிக் குடுத்துட்டாங்கடா!" கருவியில் அது நன்றாகவே கேட்டது. அவர் நின்று கேட்டுவிட்டு நடந்தார்.

இப்போதும் யாராவது வந்து, வண்டியில் ஒரு சத்தம் வருகிறது என்றால், "இருக்கும். எனக்குக் கேக்காது, செர்வாவைக் கூப்பிடறேன்" என்கிறார். இத்தனை நாளாகியும் அதைச் சொல்லும்போது முகம் சூடாகிறது. சொல்லிவிட்டு, எங்கேயோ வைத்த உருளையைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொள்கிறார்.